கருகிய போட்டுகளும் கருகாத பெயர்களும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாளில் ஆறுதலாக வாசியுங்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் எந்தக் கொம்பியூட்டர் ரிப்பெயார் கடையில் அரை மணித்தியாலம் உட்கார்ந்தாலும் ஒரு கதை கிடைக்கும். தொழில் பழக வந்த பொடியன் வயரை மாற்றிச் செருகி மதர்போட்டைக் கருக்கினான், சவூதியிலிருந்து வந்த பெட்டிக்குக் கரண்ட் கொடுத்ததும் சீனவெடி போலச் சத்தம் வந்தது, இப்படி. சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். கருக்கியவர் யாருடைய மகன் என்பது இருபத்தைந்து வருடம் கழித்தும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வயரை, அந்த சுவிட்சை அப்படிச் செய்து அனுப்பியவர் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

நாம் கேட்டுப் பார்த்தோம். கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பூச்சிக் கதையை விரைவாகச் சொல்லிவிடுவோம். 1947 செப்டம்பர் 9ஆம் திகதி, அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற கணிப்பு இயந்திரம் பிழை விட்டது. திறந்து பார்த்தால் 70ஆம் இலக்க ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி. கணினிப் பிழைக்கு 'பக்' என்ற பெயர் அன்றுதான் வந்தது, கிரேஸ் ஹொப்பர் அம்மையார்தான் பூச்சியைப் பிடித்தார் என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. பொறியியலாளர்கள் அந்தச் சொல்லை அதற்கு முன்பே பாவித்தார்கள், 1870களில் எடிசனும் எழுதியிருக்கிறார். பூச்சியை எடுத்தவர்கள் அங்கே வேலை செய்த வேறு ஆட்கள். ஹொப்பர் அந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் புகழ்பெறச் செய்தவர்.

நமக்கு அந்தக் கதையில் முக்கியம் பூச்சியல்ல, கொப்பி. அவர்கள் அந்தப் பூச்சியை டேப் போட்டு நாட்குறிப்பில் ஒட்டி, நேரத்தையும் எழுதி, பக்கத்தில் ஒரு பகிடியும் எழுதி வைத்தார்கள். கடற்படைக்குச் செய்த பெரிய இயந்திரம், ஒரு பூச்சியால் நின்றுபோனது. வெட்கம்தான். ஆனாலும் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அந்தக் கொப்பி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. (நமதூர் டெக்னீஷியன்கள் பவர் சப்ளைக்குள்ளிருந்து எடுத்த பல்லிகளை ஒட்டி வைத்திருந்தால் இரண்டு நூதனசாலை வேண்டும்.)

இனி வயருக்கு வருவோம்.

1981 ஓகஸ்டில் ஐபிஎம் கம்பனி தன் பர்சனல் கொம்பியூட்டரை வெளியிட்டது. ஃப்ளோரிடாவில் ஒரு சிறிய குழு ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் செய்து முடித்த பெட்டி அது. அவசரத்தில் சந்தையில் கிடைத்த பாகங்களை வாங்கிப் பொருத்தினார்கள். மதர்போட்டுக்குக் கரண்ட் கொண்டுபோக, பவர் சப்ளையிலிருந்து இரண்டு சொக்கட் வந்தது. ஒன்றுக்குப் பெயர் பி8, மற்றதுக்கு பி9. ஒவ்வொன்றிலும் ஆறு வயர். இரண்டும் ஒரே அளவு, ஒரே தோற்றம், பக்கத்தில் பக்கத்தில் செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினாலும் கொஞ்சம் அழுத்தினால் ஏறிவிடும்.

மாறி ஏறினால் என்ன நடக்கும்? எர்த் இருக்கவேண்டிய கம்பியில் 5 வோல்ட் வரும். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் கழித்தல் 12 வோல்ட் வரும். சுவிட்சைத் தட்டிய மறுகணம் போட் முடிந்தது. சில நேரம் புகை வரும், சில நேரம் அதுவும் வராது, ஒரு மணம் மட்டும் வரும். அந்த மணத்தை ஒருமுறை முகர்ந்தவன் வாழ்நாளில் மறக்கமாட்டான்.

இதற்குப் பரிகாரமாக உலகம் முழுக்க ஒரு வாய்ப்பாடு உருவானது. இரண்டு சொக்கட்டிலும் கறுப்பு வயர்கள் ஒரு ஓரத்தில் இருக்கும். செருகும்போது கறுப்பும் கறுப்பும் நடுவில் சந்திக்க வேண்டும். 'கறுப்போடு கறுப்பு'. நமது கடைகளிலும் காக்காமார் தம்பிமாருக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான். யோசித்துப் பாருங்கள். கோடிக்கணக்கான பெட்டிகள் விற்ற ஒரு தொழில், ஒரு பிளாஸ்டிக் துண்டின் வடிவத்தை மாற்றுவதற்குப் பதிலாக, உலகத்தின் எல்லாப் பொடியன்மாரையும் ஒரு வசனத்தைப் பாடமாக்க வைத்தது. ஐபிஎம் மாற்றவில்லை. ஐபிஎம்மைப் பார்த்துச் செய்த மற்றக் கம்பனிகளும் மாற்றவில்லை, ஏனென்றால் மாற்றினால் ஒன்றோடொன்று பொருந்தாது. 1995இல் இன்டெல் கம்பனி ஏடிஎக்ஸ் என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்து, இருபது பின் உள்ள ஒரே சொக்கட், ஒரே பக்கமாகத்தான் ஏறும் என்று ஆக்கியது. பதினான்கு வருடம் எடுத்திருக்கிறது. பழைய வகைப் போட்டுகள் அதற்குப் பிறகும் சில வருடங்கள் சந்தையில் ஓடின.

அந்தச் சில வருடங்கள்தான் நமக்கு முக்கியம், ஏனென்றால் நமது கரைக்குக் கணினி வீடு வீடாக வரத் தொடங்கிய காலம் அதுதான். யுத்தக் காலம். போட், ராம், ஹாட் டிஸ்க் எல்லாம் கொழும்பிலிருந்து, பெரும்பாலும் பம்பலப்பிட்டியிலிருந்து, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வழியில் செக் பொயிண்டுகளில் இறங்கி, பெட்டியைத் திறந்து, இது என்ன, எதற்கு என்று விளக்க வேண்டும். அப்படி வந்த ஒரு போட்டைக் கருக்கினால் காசு மட்டும் போகாது. இன்னொரு பயணம், இன்னொரு கிழமை, கஸ்டமரின் வாப்பா கடை வாசலில் நிற்பது, எல்லாம் சேர்ந்து வரும்.

நாம் அறிந்த ஒரு தம்பி அப்படித்தான் தொழிலை விட்டார். கைராசி உள்ளவர் என்று எல்லோரும் சொன்ன பிள்ளை. ஒரு மாலை, கரண்ட் போய் வந்த அவசரத்தில், லாம்பு வெளிச்சத்தில் பூட்டிய பெட்டி. கறுப்பும் கறுப்பும் இரு ஓரத்துக்குப் போய்விட்டன. முதலாளி கை நீட்டவில்லை, சம்பளத்திலும் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் வருவோர் போவோரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். மூன்று மாதத்தில் தம்பி கடைக்கு வருவதை நிறுத்தினார். பிறகு கட்டாருக்குப் போனார், இப்போது அங்கே வாகனம் ஓட்டுகிறார். தன்னால் கொம்பியூட்டர் வேலை சரிவராது என்று இன்றும் நம்புகிறார். பதினான்கு வருடம் உலகமே தடுமாறிய ஒரு சொக்கட்டில்தான் தன் கையும் தடுமாறியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சவூதிப் பெட்டியின் கதைக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய பவர் சப்ளையின் பின்புறத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. நமது நாட்டுக் கரண்ட் 230 வோல்ட். சவூதியில் அப்போது ஒரே வீட்டில் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் இருப்பது சாதாரணம். அங்கே 127 வோல்ட் பிளக்கில் பாவித்த பெட்டியின் சுவிட்ச் 115இல் இருக்கும். லீவில் வரும் வாப்பா, பிள்ளை படிக்கட்டும் என்று அதைக் கார்கோவில் போட்டு அனுப்புவார். இங்கே வந்ததும் நல்ல நாள் பார்த்து, சொந்தக்காரரைக் கூப்பிட்டு, பிளக்கைச் செருகுவார்கள்.

115இல் சுவிட்ச் இருக்கும்போது உள்ளே உள்ள சுற்று, வருகிற அழுத்தத்தை இரட்டிப்பாக்கும். 115 வந்தால் சுமார் 320 வோல்ட் நேரோட்டம் கிடைக்கும். அதுதான் கணக்கு. 230 வந்தால் அதே சுற்று 650 வோல்ட்டுக்குப் போகப் பார்க்கும். உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டரும் தலைக்கு 200 வோல்ட் தாங்கச் செய்தவை. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், மறுபக்கமாகப் பிழைத்தால் ஒன்றும் ஆகாது. 230இல் வைத்து 115 கொடுத்தால் பெட்டி எழும்பாது, அவ்வளவுதான். உலகத்தில் கூடுதலான நாடுகள் 220 முதல் 240 வோல்ட் பாவிப்பவை. அப்படியிருக்க, பிழைத்தால் வெடிக்கும் பக்கம் நமக்கும், பிழைத்தால் சும்மா இருக்கும் பக்கம் அமெரிக்காவுக்கும் விழுந்தது. பிறகு வந்த பவர் சப்ளைகள் தாமாகவே அழுத்தத்தைக் கண்டுபிடித்துக்கொண்டன, சிவப்பு சுவிட்ச் மறைந்தது. இதைத் தொழில்நுட்பம் வளர்ந்தது என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நமக்கு அது, யாரோ ஒருவர் கடைசியாகப் பிழையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார் என்று படுகிறது.

ஏடிஎக்ஸ் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், 1990களின் கடைசியில் டெல் கம்பனி ஒரு வேலை செய்தது. பார்வைக்கு அச்சொட்டாக ஏடிஎக்ஸ் போன்ற சொக்கட். உள்ளே வயர் ஒழுங்கு மட்டும் வேறு. டெல் பெட்டிக்குச் சாதாரண பவர் சப்ளை போட்டால் இதமாக ஏறும், பிறகு கருகும். 'ஒரு பக்கமாகத்தான் ஏறும், ஆகவே பிழைக்காது' என்று படித்து வந்தவனுக்கு வைத்த பொறி அது.

ஏஎம்டியின் அத்லொன் புரொசெசர் வந்த நாட்களும் கடைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் மேல் ஹீட் சிங்கைப் பூட்ட ஒரு கம்பிக் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்த வேண்டும். வழுக்கினால் ஆணி போலப் போட்டில் கீறும். கொஞ்சம் சரிந்தால் சில்லின் மூலை உடையும். 2001இல் ஒரு வெளிநாட்டுச் சோதனையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட் சிங்கைக் கழற்றிக் காட்டினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் தப்பியது. அத்லொன் சுமார் 300 பாகை வரை சூடேறிப் புகைந்தது. 'ஒரு செக்கன் மட்டும் போட்டுப் பார்ப்போம்' என்று ஹீட் சிங் இல்லாமல் சுவிட்சைத் தட்டியவர்கள் நமதூரிலும் உண்டு. ஒரு செக்கன் போதுமாக இருந்தது.

பெரிய இடத்து வெட்கங்கள் வேறு மாதிரி. 1980இல் அப்பிள் கம்பனி அப்பிள் 3 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சத்தம் போடும் விசிறி வேண்டாம் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் பிடிவாதமாக நின்றார். விசிறி இல்லை, சூடு ஏறியது, சில்லுகள் சொக்கட்டிலிருந்து மெல்ல மெல்லக் கிளம்பின. அதற்குக் கம்பனிப் பக்கமிருந்து வந்த வைத்தியம், பெட்டியைச் சில அங்குலம் மேலே தூக்கி மேசையில் போடுங்கள், சில்லுகள் மறுபடி உட்காரும் என்பது! முதலில் விற்ற சுமார் 14,000 பெட்டிகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. நமது ஆட்கள் ராமைக் கழற்றி, பென்சில் அழிறப்பரால் தேய்த்து, மறுபடி செருகுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும். உப்புக் காற்று வீசும் கரையில் அழிறப்பர் வைத்தியத்துக்கு நியாயம் உண்டு. தொடுகை முனைகளில் ஏறும் படலத்தை அது உண்மையிலேயே எடுக்கும். தூக்கிப் போடுவதை விட எவ்வளவோ மேல்.

1994இல் இன்டெல்லுக்கு நடந்தது இன்னும் பெரிது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லிஞ்ச்பேர்க் கல்லூரியில் கணிதம் படிப்பித்த தொமஸ் நைஸ்லி என்ற பேராசிரியர், பகா எண்களைப் பற்றிய ஒரு கணக்கில் விடை ஒத்துவராமல் மாதக்கணக்காகத் தலையை உடைத்தார். தன் புரோகிராம், தன் போட் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து நீக்கி, கடைசியில் பென்டியம் சில்லுதான் வகுத்தலில் பிழைக்கிறது என்று கண்டார். சில்லுக்குள் உள்ள ஒரு அட்டவணையில் 1,066 இடங்களில் 5 வெறுமையாக விடப்பட்டிருந்தது. அது நடந்துவிட்ட பிழை, மனிதர் செய்வதுதான். ஆனால் இன்டெல்லுக்கு அது ஏற்கனவே தெரிந்திருந்தது. வெளியே சொல்லவில்லை. விஷயம் வெளிவந்த பிறகும், சாதாரண ஆளுக்கு 27,000 வருடத்துக்கு ஒருமுறைதான் இந்தப் பிழை வரும் என்று கணக்குக் காட்டியது. மாற்றித் தரவேண்டுமானால் உங்களுக்கு ஏன் தேவை என்று நிரூபியுங்கள் என்றது. ஐபிஎம் தன் பென்டியம் பெட்டிகளை அனுப்புவதை நிறுத்திய பிறகுதான், டிசம்பர் 20ஆம் திகதி, கேட்கும் எல்லோருக்கும் மாற்றித் தருகிறோம் என்று இறங்கி வந்தது. செலவு 475 மில்லியன் டொலர். ஐந்து வெற்றிடத்துக்கு அவ்வளவு வந்திருக்காது, ஆறு மாத மௌனத்துக்கு வந்த விலை அது என்றே நாம் நினைக்கிறோம்.

கெப்பாசிட்டர் கதை நமது கரையைத் தொட்ட கதை. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு சில வருடங்கள், நல்ல பெட்டிகள் திடீர் திடீரென்று நின்றன. திறந்து பார்த்தால் மதர்போட்டில் உள்ள சிறிய அலுமினிய உருளைகளின் தலை ஊதி, சிலதில் வெடித்துக் கபில நிறத்தில் ஒழுகியிருக்கும். 'கல்முனைக் கரண்ட் சரியில்லை' என்றோம். 'உப்புக் காற்று' என்றோம். 'ரிப்பெயார் பண்ணினவன் எதையோ செய்துவிட்டான்' என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. உண்மையில் உலகம் முழுக்க அதே வருடங்களில் அதே நோய். கெப்பாசிட்டருக்குள் ஊற்றும் திரவம் தண்ணீர் கூடிய ஒரு கலவை. அலுமினியத்தைத் தண்ணீரிடமிருந்து காக்கும் சேர்க்கை அதில் சரியாக இல்லை. அலுமினியத்தோடு அது வேலை செய்து ஐதரசன் வாயுவை உண்டாக்கும், வாயு தலையை ஊதும். யாரோ ஒருவரின் கலவைச் சூத்திரத்தை அரைகுறையாகத் திருடிச் செய்ததால் வந்த வினை என்று அப்போது பத்திரிகைகளில் எழுதப்பட்டது.

டெல் கம்பனியின் ஒப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 பெட்டிகள் இதில் கடுமையாக மாட்டின. 2003க்கும் 2005க்கும் இடையில் விற்றவை. 2005இல் திருத்த வேலைக்காக டெல் 300 மில்லியன் டொலர் ஒதுக்கியது. அதற்குள் நடந்த ஒரு சங்கதியை நியூயோர்க் டைம்ஸ் 2010இல் வெளிக்கொண்டுவந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறை, பெட்டிகள் சாகின்றன என்று முறையிட்டபோது, டெல் சொன்ன காரணம் இது: நீங்கள் மிகவும் கடினமான கணக்குகளைச் செய்யவைத்து இயந்திரத்தைக் களைப்பாக்கிவிட்டீர்கள். கணிதத் துறையிடம்! வழக்கில் டெல்லுக்காக ஆஜரான சட்ட நிறுவனத்திடமே ஆயிரம் சந்தேகப் பெட்டிகள் இருந்தன, அவற்றைத் திருத்திக் கொடுக்கவும் டெல் தயங்கியது என்று அதே செய்தி சொல்கிறது.

அப்படிக் கழிக்கப்பட்ட வெளிநாட்டு அலுவலகப் பெட்டிகள் 'பாவித்தது, நல்ல கண்டிஷன்' என்று நமது சந்தைக்கும் வந்தன. வாங்கிய உம்மா, விற்ற கடைக்காரரை ஏசினார். கடைக்காரர் திருத்தியவரை ஏசினார். திருத்தியவர் ஏசுவதற்கு ஆளில்லாமல் கரண்டை ஏசினார்.

இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. கடல் வந்து போன வீடுகளில், கடைகளில், ஸ்டூடியோக்களில் கணினிகள் சேற்றுக்குள் கிடந்தன. அவற்றின் ஹாட் டிஸ்க்குகளில் கல்யாணப் படங்கள் இருந்தன, போன பிள்ளைகளின் முகங்கள் இருந்தன. எஞ்சியவர்கள் அந்தப் பெட்டிகளை எடுத்து, துடைத்து, வெயிலில் வைத்து, இரண்டு நாள் பொறுக்க முடியாமல் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பு தண்ணீரைப் போலக் காய்ந்து போகாது. ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கும், கரண்ட் வந்ததும் கடத்தும், செம்பை அரிக்கும். டிஸ்க் சுழலத் தொடங்கினால் தட்டில் படிந்த சேறும் உப்பும் சேர்ந்து சுரண்டும். கரண்ட் கொடுக்காமல், நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, விஷயம் தெரிந்தவர் கைக்குப் போகும் வரை வைத்திருந்தால், அந்தப் படங்களில் ஒரு பகுதியாவது மீண்டிருக்கும். நனைந்த எலக்ட்ரோனிக் சாமானைத் தண்ணீரால் கழுவு என்று சொன்னால் அப்போது யார் நம்பியிருப்பார்கள்?

2003 பெப்ரவரியில் கொலம்பியா விண்கலம் வானத்தில் சிதறியபோது அதிலிருந்த ஒரு 400 மெகாபைட் ஹாட் டிஸ்க் பூமியில் விழுந்து, மாதக்கணக்கில் காய்ந்த குளத்தடியில் கிடந்து, பிறகு கண்டெடுக்கப்பட்டது. பிளாஸ்டிக் உருகிய, கருகிய டிஸ்க். அதிலிருந்த தகவலில் 99 வீதத்தை மீட்டார்கள். கலம் சிதறிய நேரத்தில் அது சுழன்றுகொண்டிருக்கவில்லை. கண்டெடுத்தவர்களும் கரண்ட் கொடுத்துப் பார்க்கவில்லை. இந்தச் செய்தி 2008இல்தான் வெளிவந்தது. நமது ஆட்களுக்கு அது நான்கு வருடம் பிந்திய செய்தி. சொல்லித் தர ஆளில்லாத இடத்தில் ஆசையில் தட்டிய சுவிட்சை எந்தக் கணக்கில் பிழை என்று எழுதுவது?

வெள்ளம் வருடா வருடம் வரும் கரை இது. ஆகவே இந்த ஒரு விஷயத்தையாவது எல்லோரும் வீட்டில் சொல்லி வையுங்கள்: நனைந்தால் கரண்ட் கொடுக்காதீர்கள், பெட்டரி கழற்றக்கூடியதென்றால் கழற்றுங்கள், டிஸ்க்கைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பெரிய இடத்திலும் நாட்டுக்குள் ஒன்று நடந்தது. 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவை மீது இணையத் தாக்குதல் நடந்து, சுமார் 5,000 கணக்குகளின் தகவல்கள் முடக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை உள்ளவை திரும்பி வரவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குத் தனியாக வைத்த பிரதி இல்லை. பாவித்த மென்பொருள் காலாவதியான 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்க 2021இலேயே நினைத்தார்கள், காசில்லாமல் தள்ளிப்போட்டார்கள். சாதாரண தரத்துத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் 'காப்புப் பிரதி எடுத்தல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளைகள் புள்ளிக்காக எழுதுகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. நமது பிரதேசத்தில் நாம் பார்த்த பல பாடசாலைகளில் கணினிக் கூடம் இருக்கிறது. அழகான கூடம். பெட்டிகளுக்குத் துணி உறை தைத்துப் போட்டிருக்கும். வாசலில் பூட்டு. பொறுப்பாசிரியரைக் கேட்டால் காரணம் சொல்வார், அது நியாயமான காரணமும்கூட. ஒவ்வொரு சாமானும் பொருட்பதிவேட்டில் அவர் பெயரில் இருக்கிறது. உடைந்தால் கடிதம், விளக்கம், விசாரணை. ஆகவே பாவிக்காத பெட்டி பாதுகாப்பான பெட்டி. ஐந்தாறு வருடத்தில் அது பாவிக்காமலேயே பழுதாகும், உப்புக் காற்றுக்கு உறை ஒரு கணக்கில்லை. அப்படிப் பழுதானால் யாரும் கேட்கமாட்டார்கள், இயற்கைத் தேய்மானம் என்று கழித்துவிடலாம். ஒரு பிள்ளை ராமைக் கழற்றப் போய் உடைத்தால் மட்டும்தான் அது குற்றம்.

மருதமுனையில் நெசவுத் தறியில் இருந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இழை அறுக்காமல் நெசவு பழகியவர் யாராவது உண்டா என்று. அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடுவதுதான் அங்கே முதல் பாடம்.

இப்போது சிலர் நல்ல வேலை தொடங்கியிருக்கிறார்கள். கழிக்கப்பட்ட, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய பெட்டிகளை ஒரு மேசையில் வைத்து, உயர்தரப் பிள்ளைகளிடம் கொடுத்து, கழற்று, பூட்டு, கருக்கினாலும் பரவாயில்லை என்று விடுகிறார்கள். பக்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பி. என்ன செய்தோம், என்ன நடந்தது, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். கருக்கியவர் பெயர் எழுதத் தேவையில்லை, சொக்கட்டின் பெயர் எழுத வேண்டும். ஒரு கொப்பியில் செல்லோ டேப் போட்டு ஒட்டிய எறும்பு ஒன்றையும் கண்டோம், மாஷா அல்லாஹ்.

அந்த மேசைக்கு ஒரு சாமான் தேவைப்படுகிறது. பழைய பி8, பி9 சொக்கட் உள்ள பவர் சப்ளையும் அதற்குப் பொருந்தும் மதர்போட்டும், வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகள் கையில் பிடித்து, கறுப்பையும் கறுப்பையும் தாங்களே சேர்த்துப் பார்க்கட்டும். கல்முனைக்குடி, நற்பிட்டிமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் யாருடைய கடையின் தட்டிலாவது, வீட்டின் பரணிலாவது கிடந்தால் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். வந்து எடுத்துக்கொள்கிறோம். சிவப்பு சுவிட்ச் உள்ளதென்றால் இன்னும் நல்லது.